எட்டு மணி நேரம் இறங்கிய கோடு

அத்தியாயம் 9

“கையே படாம ஒருத்தரைக் கொல்லணும்னா எப்படிப் பண்ணுவே கோர்டி?”

பாலத்தின் நடுவில் காற்று வண்டியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து வியெனோ இதைக் கேட்டார்.

“இப்ப நீங்க பண்றீங்களே, அதே மாதிரிதான் பாஸ். ஸ்டியரிங் பிடிச்சிருக்கிறவன்கிட்ட இந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டாப் போதும், ரெண்டு பேரும் ஏரிக்குள்ள.”

அவர் சிரிக்கவில்லை. மூன்று நாளாகவே சிரிக்கவில்லை. வியெனோ சாரெலா இருபத்திரண்டு வருடம் கவுண்டி போலீசில் இருந்துவிட்டு, ஒருநாள் காலையில் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்த பெண்மணி. இப்போது ஹார்டுவேர் கடை மாடியில் ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம். அதற்கு முன் பழுதான வண்டிகளைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்த நான் அவருக்கு உதவியாளன். வேலை மாறினாலும் பாதை மாறவில்லை. அடுத்தவன் கஷ்டத்தை இழுத்துவருவதுதான் அன்றும் இன்றும் தொழில்.

இந்தத் தடவை கஷ்டப்பட்டவன் அர்விட் ஹாப்பலா. நாற்பத்தெட்டு வயது. பனி வாரும் லாரி ஓட்டுபவன். அப்பாவைக் கொன்றதாக ஜெயிலில் இருக்கிறான். செவ்வாய்க்கிழமை தேவாலயத்தில் அப்பாவுக்குப் பிரார்த்தனை நடந்தபோதுகூட அவனை விடவில்லை. மண் இறுகிக் கிடப்பதால் பெட்டி வசந்தம் வரை கல்லறைக் கிடங்கில் இருக்கும், அதற்குள் வெளியே வந்தால் மண்ணாவது போடலாம் என்று என்னிடம் கம்பிக்குப் பின்னால் நின்று சொன்னான். நாளைக் காலை நீதிபதி முன் நிறுத்துகிறார்கள்.

அவன் அப்பா ரெய்னோவுக்கு எண்பத்தொரு வயது. எங்கள் தீபகற்பத்தின் கடைசி வீடு. சமையலறைக்கு வெளியே நூறு அடி தள்ளி ஒரு கம்பம், அதிலிருந்து வானத்தை மறைக்கிற அளவுக்குக் கம்பிகள். ரேடியோ பைத்தியம். ஆனால் பாட்டுப் பாடுகிற ரேடியோ அல்ல. மிகத் தாழ்ந்த அலைவரிசையில் மோர்ஸ் தந்திப் புள்ளிகள் அனுப்புவார். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம், ஒரு கோட்டுக்கு மூன்று நிமிடம். தன் நிலையத்தின் ஆறு எழுத்தை ஒருமுறை அனுப்பி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நான் கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்று தின்று, தூங்கி எழுந்து, இன்னொன்றும் தின்றுவிடுவேன்.

அந்தச் சிக்னல் காதுக்குக் கேட்காது. அவ்வளவு மெலிது. மறுமுனையில் கம்ப்யூட்டர் ஒன்று நிமிடம் நிமிடமாகச் சேர்த்துத் திரையில் கோடாக வரையும். கோடு தெரிய வேண்டுமென்றால் அலைவரிசை மயிரிழைகூட நகரக் கூடாது. அலைவரிசையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னக் கிரிஸ்டல். அதற்குக் குளிரெடுத்தால் கோடு சரியும். அதனால் ரெய்னோ அதைக் கம்பத்தடியில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி மாதிரி உள்ளே ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருந்தார். அந்தப் பல்புக்குச் சுவிட்ச் சமையலறைக் கதவுப் பக்கம்.

போன சனிக்கிழமை, பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரியில், ரெய்னோ அந்தக் கம்பத்தடியில் பனியில் விழுந்து செத்துக் கிடந்தார். இதயம். கோட்டுப் பையில் ஒரு புதுப் பல்பு. பெட்டிக்குள் பழைய பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

எரிகிற பல்பை மாற்ற ஒரு மனுஷன் ஏன் போவான்? போலீசுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதிலைக் கொடுத்தவர் பாலத்துக்குத் தெற்கே ஏரிக்கரையில் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருடமாக ரெய்னோவின் கோட்டைப் பதிவு செய்துவரும் வெண்டல் ப்ரூக்கர். அவர் அனுப்பிய படத்தில் சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கோடு இறங்க ஆரம்பிக்கிறது. இரவு ஏழு மணிக்குத் திரும்ப ஏறுகிறது. அர்விட் லாரி எடுத்துக்கொண்டு கிளம்பியது பதினொரு மணிக்கு. வீடு திரும்பியது ஆறரைக்கு. போலீஸ் வந்தது ஏழேகாலுக்கு.

போகும்போது சுவிட்சை அணைத்தான். வயசான அப்பா பல்பு போய்விட்டதென்று குளிரில் வெளியே போவார் என்று தெரிந்தே அணைத்தான். திரும்பி வந்து, வேலை முடிந்திருப்பதைப் பார்த்து, மறுபடி போட்டான். இதுதான் போலீஸ் கதை. போதாக்குறைக்கு ஒரு மாதம் முன்னால் காப்பிக் கடையில் இருபது பேர் பார்க்க, “என்னைக்காவது ஒருநாள் அந்தக் கம்பியை அறுத்துப் போடுறேன் பாருங்க” என்று அவன் அப்பாவிடம் கத்தியிருக்கிறான்.

“கதை நல்லாத்தான் இருக்கு பாஸ். ஓட்டை எங்கே?”

“ஓட்டையே இல்ல. அதான் எனக்குப் பிடிக்கல.”

வெண்டல் ப்ரூக்கருக்கு எழுபத்தொன்பது வயது. சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, குளித்துச் சவரம் செய்து சட்டையை உள்ளே விட்டிருந்தார். பாலம் தாண்டி அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், எங்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“அந்தப் பயலைக் காப்பாத்தவா வந்திருக்கீங்க? அவனைத் தூக்குல போடணும்.”

“நம்ம மாநிலத்துல தூக்குக் கிடையாதுங்க” என்றேன்.

“தெரியும் தம்பி. அதுதான் வருத்தம்.”

“ரெய்னோவை நீங்க நேர்ல பார்த்தது எத்தனை தடவை?” என்று வியெனோ கேட்டார்.

“ரெண்டு தடவை. அதுல ஒண்ணு அவன் சம்சாரம் போனப்ப.” குரல் கொஞ்சம் இறங்கியது. “ஆனா மேடம், தினமும் காலையில எந்திரிச்சதும் அவன் கோட்டைத்தான் முதல்ல பார்ப்பேன். கோடு இருந்தா அவன் நல்லா இருக்கான்னு அர்த்தம். அப்புறம்தான் காப்பி.”

காப்பி கொடுத்தார். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர் போல ஏலக்காய் ரொட்டியும் வெட்டி வைத்தார். ரெய்னோ வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு அனுப்புவாராம். இதுதான் கடைசி ரொட்டி என்று அவர் சொன்னதும், அதுவரை வேகமாகத் தின்றுகொண்டிருந்த நான் மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டேன்.

“சனிக்கிழமை நீங்க போன் பண்ணீங்க.”

“மூணு இருபதுக்கு. அதை நானேதான் போலீஸ்ல சொன்னேன். கோடு நாலு மணி நேரமா சரியுது, உன் பல்பு போயிடுச்சுடா, போய்ப் பாருன்னேன். நான் மட்டும் போன் பண்ணாம இருந்திருந்தா...” நிறுத்தினார். “அந்தப் பய என்னையும் ஒரு கருவியா வச்சுக்கிட்டான் மேடம். நான் கூப்பிடுவேன்னு அவனுக்குத் தெரியும். அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.”

வியெனோ காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். விருந்தாளியாகப் போன வீட்டில் பாத்திரம் கழுவுவது அவருடைய பழைய தந்திரம். சமையலறைத் தொட்டி, குப்பைக்கூடை, அலமாரி எல்லாம் மரியாதையாகப் பார்த்துவிடலாம்.

“மிஸ்டர் ப்ரூக்கர், தொட்டிக்குக் கீழே குழாய் புதுசா இருக்கே? பளபளன்னு?”

“போன வாரம் உறைஞ்சு வெடிச்சுடுச்சு.”

“வீட்டுக்குள்ளேயா?” என்றேன். “ஏங்க, ஃபிரிட்ஜைத் திறந்து போட்டுட்டுத் தூங்கிட்டீங்களா?”

“வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸை அணைச்சு வச்சிருந்தேன் தம்பி.”

வியெனோ கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். அந்தத் துணி அவர் கையிலேயே நின்றுவிட்டது.

“இந்தக் குளிர்லயா? ஏன்?”

வெண்டல் எங்களைப் பார்த்த பார்வையில், இதுகூடவா தெரியாது என்ற பரிதாபம் இருந்தது.

“சத்தம் மேடம். காதுக்குக் கேக்கிற சத்தம் இல்ல. ஃபர்னஸ் மின்விசிறி மோட்டார் ஓடினா ரேடியோவுக்குள்ள கரகரன்னு குப்பை கொட்டும். நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றதுதான். மெல்லிசா ஒரு சிக்னல் கேக்கணும்னா வீட்டுல ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டே போவோம். ஃபிரிட்ஜு, விளக்கு, எல்லாம். வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் பக்கம் ஐஸ் மழை. கம்பியில ஐஸ் பிடிச்சு அவன் சிக்னல் பாதியா குறைஞ்சுபோச்சு. காலையில பார்க்கிறேன், கோடே தெரியல. மனசு கேக்குமா? பத்தரைக்கு ஃபர்னஸை அணைச்சேன். குளிர்க் கோட்டை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். அவன் கோடு வந்துடுச்சு!” அந்த ஒரு நொடி முகம் மலர்ந்தது. “வந்துடுச்சு. ஆனா கொஞ்ச நேரத்துல சரிய ஆரம்பிச்சுது.”

“திரும்ப எப்பப் போட்டீங்க?”

“குழாய்ல தண்ணி வரலைன்னதும். ஏழு மணி இருக்கும்.”

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வியெனோ துணியை மடித்துத் தொட்டி விளிம்பில் போட்டார். இரண்டு தடவை மடித்தார். அவரோடு ஆறு வருடம் குப்பை கொட்டியவன் நான். அவர் எதையாவது இரண்டு தடவை மடித்தால் விஷயம் பெரிது.

“உங்க ரேடியோப் பெட்டியிலயும் ஒரு கிரிஸ்டல் இருக்குமே?”

“இருக்கு.” வெண்டல் பெருமையாக அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பச்சை விளக்கு. “அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. அதுக்குள்ளேயே ஹீட்டர் உண்டு. பதினோரு வருஷமா ஒரு நொடி நின்னதில்ல. நகர்ந்ததும் இல்ல. என் கோடு ரூல்தடி வச்சு இழுத்த மாதிரி இருக்கும். ஊர்ல எல்லாரும் தங்களோடதைச் சரிபார்க்க என்கிட்டதான் கேப்பாங்க.”

“அந்தப் பதினோரு வருஷத்துல குளிர்காலத்துல ஃபர்னஸை எத்தனை தடவை அணைச்சிருக்கீங்க?”

“அரை மணி, ஒரு மணி நேரம்... எத்தனையோ தடவை.”

“எட்டு மணி நேரம்?”

இதில் என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தார்.

“ரெய்னோவைத் தவிர வேற யாரையாவது பதிவு பண்றீங்களா?”

“நோவா ஸ்கோஷியால ஒருத்தர் இருக்கார். கடலோரம். பலமான சிக்னல், அதுல என்ன சுவாரசியம்? கம்ப்யூட்டர் பாட்டுக்குத் தனியாப் பதிவு பண்ணி வைக்கும். நான் திறந்துகூடப் பார்க்கிறதில்ல.”

“சனிக்கிழமையைத் திறங்க. அச்செடுத்துக் கொடுங்க. ரெய்னோ படத்தையும் அதே அளவுல.”

பிரிண்டர் இரண்டு தாள்களை மெதுவாகத் துப்பியது. வியெனோ அவற்றை வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தார். வெளியே பனிமேல் வெயில். தாள் இரண்டும் ஒளி ஊடுருவித் தெரிந்தன.

பதினொரு மணிக்கு நோவா ஸ்கோஷியா கோடு இறங்க ஆரம்பித்தது. ஏழு மணிக்கு ஏறியது. ரெய்னோவின் கோடு அதன்மேல் அப்படியே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு இழை விலகல் இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

“அடேங்கப்பா! அர்விட் நோவா ஸ்கோஷியா வரைக்கும் போய் அங்கேயும் சுவிட்சை அணைச்சிருக்கான் போல!”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. ஆயிரம் மைல் இடைவெளியில் இருக்கிற இரண்டு பேருக்கு ஒரே நிமிடத்தில், ஒரே அளவில் குளிரெடுக்காது. குளிரெடுத்தது கேட்டுக்கொண்டிருந்தவருக்கு. இரண்டு கோடும் நேராகத்தான் வந்திருக்கின்றன. சரிந்தது இந்தச் சாம்பல் பெட்டி. வீடே உறைந்தபோது உள்ளே இருந்த ஹீட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

வெண்டலுக்கும் புரிந்துவிட்டது. அது அவர் தொழில். எனக்கு முன்னாலேயே புரிந்திருக்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பதினொரு மணி. பன்னிரண்டு. ஒன்று. மூன்று இருபதில் விரல் நின்றது.

“அவன் பல்பு...”

“எரிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கு, மிஸ்டர் ப்ரூக்கர்.”

“யாரும் அணைக்கல?”

“யாரும் அணைக்கல.”

“அப்ப நான் எதுக்கு அவனை வெளியே போகச் சொன்னேன்?”

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தேற்றலாம். சறுக்கின இடத்தில் வேறொருவர் செத்துக் கிடக்கும்போது எப்படிச் சொல்வது? எனக்கு அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. ஒருவனைக் கம்பிக்கு வெளியே எடுக்க வந்து, இன்னொருவரைக் காலமெல்லாம் உள்ளே தள்ளிவிட்டோம்.

“முதல் பாடமே அதுதான் மேடம்.” வெண்டல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஒரு கோடு நகர்ந்தா, நகர்ந்தது அவனா நானான்னு பாரு. ஒண்ணை மட்டும் பார்த்துச் சொல்லாதே, இன்னொரு நிலையத்தோட ஒப்பிடு. புதுசா வர்றவனுக்கெல்லாம் நான்தான் சொல்வேன். அன்னைக்கு நான் பார்க்கல. என் பெட்டி நகராதுன்னு இருந்துட்டேன். அவனோட பல்பையே சந்தேகப்பட்டேன். அப்புறம் அவன் பையனைச் சந்தேகப்பட்டேன்.”

வியெனோ அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் வலி உள்ளவர். அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“நீங்க அவர் குரலைக் கேக்கணும்னுதான் குளிர்ல உட்கார்ந்தீங்க.”

“அதைத்தான் மேடம் தாங்க முடியல.”

வியெனோ எழுந்தார். “இந்த ரெண்டு தாளும் இல்லாம அர்விட் வெளியே வர மாட்டான். உங்க வாக்குமூலமும் வேணும். நான் எழுதிக்கிறேன், கையெழுத்துப் போட்டாப் போதும். நீங்க வரணும்னு அவசியம் இல்ல.”

வெண்டல் தன் குளிர்க் கோட்டைத் தேடினார். இடது கையை வலது கை நுழைகிற பக்கம் விட்டார். நான் பிடித்துச் சரியாக மாட்டிவிட்டேன்.

“நானே வர்றேன். எழுதிக் கொடுத்து அனுப்புற விஷயமா இது?”

திரும்பி வரும் வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. பாலம் வந்தபோது வியெனோ என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். பின்சீட்டில் வெண்டல் இரண்டு தாள்களையும் ஓர் அட்டைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். வழியில் பாஸ்டி வாங்கிக் கொடுத்தேன். பொட்டலம் பிரிக்காமலேயே ஆறிப்போனது.

அன்று இரவு வெண்டல் வியெனோவின் வீட்டில் தங்கினார். மறுநாள் காலை எட்டரைக்கு அரசு வக்கீலின் அறையில், தானே அந்தத் தாள்களை ஜன்னலில் வைத்து விளக்கினார். புதியவர்களுக்குப் பாடம் சொல்வது போல நிதானமாக, எளிமையாகச் சொன்னார். ரெய்னோவை வெளியே அனுப்பியது என் தவறு, பையன்மேல் பழி விழுந்ததும் என் தவறு என்று முடித்தார். வக்கீல் இளம்பெண். படத்தை நாலு தடவை பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்தார். ஒன்பதரைக்கு வழக்கை வாபஸ் வாங்கினார்கள்.

நீதிமன்றத்து நடையில் வெண்டல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அர்விட் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். ஆறு நாள் தாடி. அப்பாவின் அகன்ற தோள் அப்படியே அவனுக்கும்.

“அர்விட், நான் வெண்டல்.”

அவன் நின்றான்.

“உங்க அப்பாவைப் போகச் சொன்னது நான்தான். பல்பு நல்லாத்தான் இருந்துச்சு. கோளாறு என் பெட்டியில. உன்னைப் பத்தி நான் சொன்னதெல்லாம் தப்பு. மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரலப்பா. ஆனா உன் முகத்தைப் பார்த்துச் சொல்லாம ஊருக்குப் போக முடியாது.”

“வக்கீல் சொன்னாங்க.” அர்விட் வெகுநேரம் அவரையே பார்த்தான். அடிக்கப் போகிறானோ என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். வியெனோ என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“நீங்க போன்ல சொன்னதும் அவர் என்ன சொன்னார்?”

“‘இதோ போறேன்’னான். வேற ஒண்ணும் சொல்லல.”

அர்விட் சிரிக்கப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டது.

“பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். குளிர்ல வெளியே போகாதீங்கப்பா, நான் வந்து பார்த்துக்கிறேன், நான் வர்ற வரைக்கும் இருங்கன்னு. தினமும் சொல்லிட்டுத்தான் லாரியை எடுப்பேன். சனிக்கிழமையும் சொல்லிட்டுத்தான் போனேன். ஒரு நாள்கூட என் பேச்சைக் கேட்டதில்ல.” மூக்கைப் புறங்கையால் துடைத்தான். “நீங்க ஒரே ஒரு தடவை சொன்னீங்க. உடனே கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.”

வெண்டல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அர்விட் அதற்குள் அவரைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டான்.